அப்பா வாசித்த கடிதங்கள்

(வானொலி இலக்கிய வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வரிசையில் எனக்கு முன் பேசியவர்கள் தம்மை எழுத்தின் பக்கம் திருப்பிய நூல்களைப் பற்றிச் சொன்னார்கள். சொல்வதற்கு என்னிடம் அப்படி ஒரு நூல் இல்லை. நான் பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பராவில் இருந்த அச்சுப் பொருள்கள் ஒரு பஞ்சாங்கமும், அட்டையும் பாதிப் பக்கங்களும் போன விக்கிரமாதித்தன் கதையும், சுவரில் ஒட்டியிருந்த பழைய வீரகேசரித் தாள்களுமே. அந்தச் சுவரைப் பார்த்து எழுத்துக் கூட்டித்தான் நான் வாசிக்கப் பழகினேன். தாளில் எழுதியிருப்பது ஒன்று, அதை ஒருவர் வாசித்துக் காட்டுவது வேறொன்று என்பதை எனக்குக் காட்டியவர் என் அப்பா. எழுத்தே தெரியாமல் அதைக் கண்டுபிடித்தவர் என் தாத்தா. இவர்கள் இருவரையும் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மீரியபெத்த என்ற பெயர் 2014க்குப் பிறகு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அது பதுளை மாவட்டத்தில், ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டம், அவ்வளவுதான். வெல்லவாயவிலிருந்து பெரகலைக்கு ஏறிவரும் பெருந்தெருவில் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்த்தவர்கள் கொஸ்லந்தைக் கடைத்தெருவையும் கடந்துதான் போயிருப்பார்கள். அங்கிருந்து மலைப்பக்கம் ஏற வேண்டும். வானம் வெளித்த நாட்களில் எங்கள் இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் தெற்கே வெகுதூரத்துக்குச் சமவெளி நீலமாக விரிந்து கிடக்கும். தோட்டத்துக்கு வந்த புதிதில் தாத்தா அதைக் கடல் என்றே நினைத்திருந்தாராம். கடலைத் தாண்டி வந்த பிள்ளையல்லவா, தான் வந்த வழி கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒரு தைரியம் இருந்திருக்கிறது. அது கடல் இல்லை, காடும் வயலும்தான் என்று யாரோ சொன்னபோது அழுததாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

பெத்த என்ற சிங்களச் சொல்லுக்குக் காடு என்று பொருள். தாத்தாவுக்கு அது தெரியாது. "நம்மளப் பெத்த தோட்டம்" என்றுதான் சொல்வார்.

அவர் துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தன் தாயுடனும் தம்பியுடனும் வந்தவர். பதுளைக்கு ரயில் வந்தது 1924ல். அதற்கு ஓரிரு வருடங்களுக்குப் பின் இவர்கள் வந்திருக்க வேண்டும். மண்டபம் முகாமில் அம்மை குத்தியதும், தலைமன்னாரில் இறங்கியதும், கோச்சியில் நின்றுகொண்டே வந்ததும், ஹப்புத்தளையில் இறங்கி மழையில் நடந்ததும் அவருக்கு நினைவிருந்தன. வயது மட்டும் நினைவில்லை. தோட்டத்தில் கொடுத்த கம்பளிக்கும் அரிசிக்கும் கடன் எழுதிக்கொண்டார்கள் என்பதும், அந்தக் கடன் தன் தாய் சாகும்வரை தீரவில்லை என்பதும் நினைவிருந்தன.

தாத்தா செய்த வேலை கான் வெட்டு. பழைய இலக்கியம் படித்த நேயர்களுக்குக் கான் என்றால் காடு. எங்களுக்கு அது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்காக, மிகச் சிறிய சாய்வோடு கான்களை வெட்டுவார்கள். அவை சேகரிக்கும் தண்ணீர் செங்குத்தாக இறங்கும் பெரிய கானில் விழுந்து ஆற்றுக்குப் போகும். சாய்வு கூடினால் தண்ணீர் வேகம்கொண்டு கரையை அரித்துவிடும். குறைந்தால் தேங்கி மலைக்குள் ஊறிவிடும். தொரைமாருக்கு இதற்கென்று கருவி உண்டு. தாத்தாவிடம் இருந்தது ஒரு சாராயப் போத்தல். அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, தக்கையால் அடைத்து, கானின் அடியில் படுக்கப் போட்டு, குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். போத்தலுக்குள் தண்ணீர் நிற்கும் கோட்டைப் பார்த்து, "இன்னும் ரெண்டு விரக்கடை இறக்கணும்" என்பார். அந்தப் போத்தலை நாங்கள் தொடக்கூடாது. அதில் இருந்த சாராயத்தை யார் குடித்தது என்று அப்பாயி ஒவ்வொரு தடவையும் கேட்பார். அதற்கு மட்டும் அவரிடம் பதில் இருந்ததில்லை.

மம்பட்டி, அலவாங்கு, போத்தல், தலையில் கம்பளி. மழை நாட்களில் எல்லோரும் அரைப்பேரோடு மலையைவிட்டு இறங்கி லயத்துக்குள் முடங்கும்போது தாத்தா மட்டும் வெளியே கிளம்புவார். மழை பெய்யும்போதுதான் கான் பேசும் என்பது அவர் கணக்கு. லயத்துக்கு மேலே ஓடிய பெரிய கானை ஓய்வு பெற்ற பிறகும் அவரே துப்புரவு செய்தார். யாரும் பேர் போடவில்லை. காலையில் முதல் வேலையாகப் பீலிக்கரைக்குப் போய் ஒரு கை தண்ணீரை ஏந்திப் பார்ப்பார். "மழை இல்லாம பீலித்தண்ணி கலங்குனாலும் பாத்துக்கணும் தாயி. மழை பேயிறப்ப பீலி நின்னு போனாலும் பாத்துக்கணும்" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்டதில்லை.

இந்த மனிதருக்கு மாசி மாதத்தில் இன்னொரு முகம் உண்டு. எங்கள் தோட்டங்களில் மாசியில் காமன் கூத்து நடக்கும். அமாவாசைக்குப் பின் காமன் நட்டு, பௌர்ணமியில் எரிப்பார்கள். தாத்தா வருடம் தவறாமல் ரதி வேஷம் கட்டுவார். அலவாங்கு பிடித்துக் காய்த்த கைகளில் வளையல் ஏறாது. சவர்க்காரம் போட்டு ஏற்றுவார்கள். அந்த ஒரு மாதத்துக்காக மீசையை எடுத்துவிடுவார். மீசையில்லாத தாத்தாவைக் கண்டு நாங்கள் சிரிப்போம். ஆனால் மன்மதன் எரிந்த பிறகு அவர் ரதியாக நின்று புலம்பும்போது லயத்துப் பெண்கள் எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தந்ததை நீங்கள் அறிவீர்கள். தொகுப்பில் அகப்படாமல் போனவை இப்படி எத்தனை குரல்களோ.

இனி அப்பா. அவர் 1941ல் அதே லயத்தில் பிறந்தவர். தோட்டப் பாடசாலையில் ஐந்தாவது வரை படித்தார். ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்பு. அதற்கு மேல் படிக்க வசதியில்லை. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததாலும் இங்கிலீஷ் முகவரியை எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்ததாலும் தப்பால்காரர் வேலை கிடைத்தது. கொஸ்லந்தைத் தபாற்கந்தோருக்கு இறங்கி, தப்பால் பையைச் சுமந்து தோட்டத்துக்கு ஏறுவது தினசரி வேலை. பையின் பூட்டுக்குச் சாவி அவரிடம் இல்லை. தொரையின் கந்தோரில் திறந்து, தொழிலாளிகளுக்கு வந்ததைப் பிரித்துக் கொடுத்த பிறகு, அப்பா லயம் லயமாக நடப்பார். கொடுத்துவிட்டு வர முடியாது. வாசித்தும் காட்ட வேண்டும். பதிலையும் எழுதித் தர வேண்டும். மீரியபெத்தயில் அப்பா அறியாத குடும்ப ரகசியம் இருந்திருக்க முடியாது. ஒன்றையும் அவர் வெளியே விட்டதில்லை. அம்மா எத்தனையோ தடவை தந்திரமாகக் கேட்டுப் பார்த்துத் தோற்றிருக்கிறார்.

வாசிப்பது அவருக்கு வேலை மட்டுமல்ல. கடையில் சாமான் சுற்றித் தரும் தாளைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் மடிப்பார். வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் நடத்திய தோட்ட மஞ்சரிப் பகுதியை அந்திநேரத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். பிற்காலத்தில் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியை, 1979ல் வெளிவந்த நூல் அது, யாரிடமோ இரவல் வாங்கி வந்து மூன்று இரவுகளில் வாசித்து முடித்தார். ஹாலி எலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் எழுதியது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "பொய்யே இல்லாம எழுதியிருக்காரு" என்றார். கதை என்றாலே பொய்தானே என்று நான் கேட்டேன். "கதையில பொய் சொல்லக் கூடாதும்மா. கடுதாசியில சொல்லலாம்" என்றார். அப்போது எனக்கு அதன் பொருள் கொஞ்சம் தெரிந்திருந்தது. முழுவதும் தெரிய இன்னும் முப்பது வருடங்களாயின.

நாடு சுதந்திரமடைந்த 1948ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. அதன்கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. தாத்தாவும் விண்ணப்பித்தார். இடையில் ஒருமுறை தாயின் காரியத்துக்காகத் துறையூர் போய் நெடுநாள் தங்கியதால், தொடர்ந்து வசித்ததற்கு அத்தாட்சி போதாது என்று திரும்பி வந்தது. பிறகு 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று டில்லியில் முடிவாயிற்று. பின்னர் பார்த்தது 1974ல்; அப்போது சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கேட்டுப் பிரித்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். விண்ணப்பப் படிவம் வந்தது; அதைக் கேட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் படிவங்களை எங்கள் மலையில் நிரப்பியவர் அப்பா. அப்போது எனக்கு ஆறோ ஏழோ வயது. குப்பி விளக்கு வெளிச்சத்தில், தகரப் பெட்டியை மேசையாக வைத்துக்கொண்டு, இரவு வெகுநேரம் எழுதுவார். இந்தியா என்று சொன்னவர்களுக்கு இந்தியா. இலங்கை என்று சொன்னவர்களுக்கு இலங்கை. யோசனை கேட்பவர்களிடம், "அண்ணே, நான் எழுதத்தான் செய்வேன், சொல்ல மாட்டேன்" என்பார். தனக்கும் அம்மாவுக்கும் எங்களுக்கும் இலங்கை என்று எழுதினார். சின்னத் தாத்தா, அதாவது தாத்தாவின் தம்பி, இந்தியா என்றார். தாத்தா இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் இந்தியா என்றார்.

அவருக்குத் தம்பிதான் எல்லாம். தாய் செத்த பிறகு தோளில் தூக்கி வளர்த்த தம்பி. படிவத்தோடு படமும் வேண்டும் என்று சொன்னதால் இருவரும் பண்டாரவளைக்குப் போய்ப் படம் எடுத்து வந்தார்கள். கைநாட்டு வைத்துக் கொடுத்தார்கள். அப்பா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

சின்னத் தாத்தாவுக்கு அழைப்பு வந்தது, 1972ல் புறப்பட்டார். பதுளையிலிருந்து தலைமன்னார் நோக்கிப் போன அந்த ரயிலை எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னார்கள். ஹப்புத்தளை நிலையத்தில் ஏற்றி அனுப்பும்போது தாத்தா, "நீ முன்னால போ. எனக்குக் கடுதாசி வந்ததும் பின்னால வந்துர்றேன்" என்றார். தம்பி அழுதார், இவர் அழவில்லை. அடுத்த மாசியில் தாத்தா ரதி வேஷம் கட்டவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் கட்டவில்லை.

தாத்தாவுக்கு அழைப்பு வரவேயில்லை. தாமதம் பலருக்கும் இருந்ததால் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

சின்னத் தாத்தா கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டிருந்தது. அங்கிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நீலநிறத் தாளில் கடிதம் வரும். ஆள்வைத்து எழுதிய கடிதம். அன்று அந்தியில் தாத்தா முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். அப்பா வாசிப்பார். "அண்ணனுக்கு நமஸ்காரம். நாங்கள் எல்லோரும் சுகம். வேலை ஒழுங்காக இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். இங்கே குளிர் நம்ம மலையைவிடக் கொஞ்சம் கூட. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." எல்லாக் கடிதமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். தாத்தா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கடிதம் பெட்டிக்குள் போய்விடும்.

1973, 74 பஞ்சம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கூப்பன் மாவு குறைந்தது. வேலை நாள் குறைந்தது. பித்தளைச் சாமான் எல்லாம் லயத்தைவிட்டு இறங்கிப் போயிற்று. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. நாங்கள் காட்டுக்கிழங்கு தின்றோம். தாத்தா தன் பங்கு ரொட்டியைப் பிட்டு என் கையில் வைத்துவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு மம்பட்டியை எடுத்துக்கொண்டு போவார்.

அந்தக் காலத்தில் ஒருநாள் அப்பா கடிதத்தை வாசித்துவிட்டு அவசரமாக எழுந்து போனார். தாள் பெட்டியின் மேலேயே கிடந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதாகவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கும் வெறி. எடுத்து வாசித்தேன். அப்பா வாசித்த வரிகளில் நமஸ்காரம் மட்டும்தான் தாளில் இருந்தது. வேலை வாரத்தில் மூன்று நாள்தான் கிடைக்கிறது, கொண்டுபோன பணம் தீர்ந்தது, இங்கே எங்களைச் சிலோன்காரன் என்கிறார்கள், மூத்த பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்தியாயிற்று என்று இருந்தது. கடைசியில், பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டு அண்ணன் அங்கே சொகுசாக இருக்கிறார், வராவிட்டால் வரமாட்டேன் என்று ஒரு வரி எழுதக் கூடாதா என்று இருந்தது. அந்தப் பகுதிகளை அப்பா பென்சிலால் வளைத்து வைத்திருந்தார். தவறி வாயில் வந்துவிடாமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன்.

நான் ஓடிப்போய்த் தாத்தாவிடம் சொல்லவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா. மறுநாள் கானோரத்தில் தேத்தண்ணிப் போத்தலைக் கொடுக்கப் போனபோது, வெட்டுவதை நிறுத்தாமலே கேட்டார்: "கடுதாசியப் பாத்தியா?"

நான் பேசாமல் நின்றேன்.

"உங்கப்பன் வாசிக்கிறது வேற, வர்ற கடுதாசி வேறன்னு எனக்குத் தெரியும் தாயி. எந்தம்பி எழுதுனா நாலு திட்டாவது இருக்கும். மூணு வருசமா ஒரு திட்டுகூட வரல."

அப்பாவிடம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா அவன் நிசத்த வாசிச்சுப்புடுவான்" என்றார். மம்பட்டி மண்ணைத் தட்டிவிட்டு, "நீயும் கேக்காத" என்றார்.

நான் கேட்கவில்லை. மூன்று பேரும் தெரிந்துகொண்டே கடிதம் வாசித்தோம், கேட்டோம். 1981ல் சின்னத் தாத்தா இறந்துவிட்டதாக வந்த கடிதத்தை மட்டும் அப்பா உள்ளபடி வாசித்தார். தாத்தா அடுத்த வருடம் ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். இறப்புப் பதிவில் பிரஜாவுரிமைக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்கவில்லை. அதற்கு ஆறு வருடங்கள் கழித்து, 1988ல்தான் எஞ்சிய நாடற்றவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது.

1977, 1983 ஆகிய வருடங்களைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. அது வேறு உரை. அந்த இரவுகளில் அப்பா எங்களைத் தேயிலைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அந்தத் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார் என்பதை மட்டும் சொல்கிறேன். காம்பராவில் வேறு எதையும் அவர் எடுக்கவில்லை.

நான் படித்து ஆசிரியையாகிப் பதுளைக்கு வந்துவிட்டேன். அப்பா கடைசிவரை லயத்தைவிட்டு வரவில்லை. ஞாயிறுகளில் அவரும் அந்தப் பெரிய கானை இழுத்துவிடுவார். தாத்தாவின் கை அவருக்கு வராது. கரை கோணலாக இருக்கும். 2009ல் அப்பா இறந்த பிறகு, காம்பரா அத்தைக்கு, அதாவது அவருடைய தங்கைக்கு ஆயிற்று. நான் தகரப் பெட்டியை மட்டும் எடுத்து வந்தேன். கடிதங்கள் எல்லாம் வருடவாரியாகக் கட்டியிருந்தன. அடியில், துணியில் சுற்றி, ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. அப்பாவின் முத்துக் கையெழுத்து. தாத்தாவின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், கைநாட்டு. இந்தியா என்று எழுதியிருந்தது. ஓரத்தில் படம் ஒட்டியிருந்தது.

எங்கள் மலையிலிருந்து போன நூற்றுக்கணக்கான படிவங்களைக் கொஸ்லந்தைத் தபாற்கந்தோரில் சேர்த்த மனிதர், தன் தகப்பனின் படிவத்தை மட்டும் சேர்க்கவில்லை.

அன்றிரவு எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. கடிதத்தில் வரியை விடுவது ஒன்று. ஒரு மனிதன் தன் தம்பியிடம் போகவேண்டிய வழியையே அடைத்துவிடுவது வேறு. பத்து வருடம் அந்தக் கிழவர் அழைப்புக்காகக் காத்திருந்தார். அவர் நாடில்லாமல் செத்ததற்கு இரண்டு அரசாங்கங்கள் மட்டும் காரணமில்லை, இந்தப் பெட்டியும் காரணம் என்று தோன்றியது. பிறகு, தகப்பனைக் கோச்சி ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்க முடியாத முப்பது வயது மகனையும் நினைத்தேன். இரண்டும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றதைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்த்தேன். தாத்தாவுக்கு மீசை இல்லை. மாசி மாதம் எடுத்த படம். படிவம் போயிருந்தால் அந்தப் படமும் போயிருக்கும். அவருக்கு வேறு படம் கிடையாது.

2014 அக்டோபர் 29, புதன்கிழமை. ஒப்பந்தத்துக்கு ஐம்பது வருடம் நிறைய ஒருநாள் இருந்தது. பல நாள் மழைக்குப் பின், பிள்ளைகள் பாடசாலைக்குப் போன, ஆட்கள் மலைக்குப் போய்க்கொண்டிருந்த காலை வேளையில் மலை இறங்கியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். மக்கள் அங்கேதான் இருந்தார்கள். லயங்களும் கோயிலும் போயின. காணாமற் போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்று முதலில் சொன்னார்கள். பிறகு எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் லயம் எந்த இடத்தில் இருந்தது என்று காட்ட ஒரு கல்லும் இருக்கவில்லை. அத்தை கொழுந்துக்குப் போயிருந்ததால் தப்பினார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் போயிருக்கவில்லை.

தாத்தாவின் கான் சரியாக இருந்திருந்தால் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் அந்தச் சரிவே முன்னொரு காலத்தில் மேலிருந்து இறங்கி வந்து தங்கிய மண்ணாலானது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். அவ்வளவு ஆழத்தில் நீர் ஊறி நகரும் மலையை ஒரு மனிதன் வெட்டிய கான் நிறுத்தியிராது. முன்கூட்டியே ஒருநாள் பீலித் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்க்க ஓர் ஆள் இருந்திருக்கலாம். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களில் இறங்கியபோது, இரவெல்லாம் விழித்திருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பியவர்களுக்கு மகல்தெனியவில் 75 வீடுகள் கட்டி 2016 அக்டோபரில் கொடுத்தார்கள். அத்தைக்கும் ஒன்று கிடைத்தது. நான் தாத்தாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். அத்தை அதை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எங்க இருந்துச்சு?" என்றார். பெட்டி, படிவம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அத்தைக்கு ஆச்சரியமே இல்லை.

"எங்கண்ணன் அனுப்பலன்னு எனக்குத் தெரியும். எங்கய்யாவுக்கும் தெரியும்."

தாத்தாவுக்கு எப்படித் தெரியும், அவருக்கு வாசிக்கத் தெரியாதே என்றேன்.

"படத்தப் பாக்க வாசிக்கத் தெரியணுமா? தெரியாமலா சாகுறவரைக்கும் அந்தப் பெட்டி மேலயே தலைய வச்சுப் படுத்தாரு?"

அதற்குமேல் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. படத்தை எங்கே மாட்டுவது என்று பார்த்தோம். வாசலுக்கு நேரே மாட்டினோம். மழை பிடித்துக்கொண்டது. அத்தையின் மகன் வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கான் ஒன்று வெட்டியிருந்தான். தண்ணீர் ஒரு மூலையில் தேங்கி நின்றது. அத்தை குடையை என் கையில் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய் ஒரு வெறும் போத்தலைத் தேடி எடுத்து, பாதிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.